வாயுத்தொல்லை

கல்யாணத்தன்று இருவர் மணிக்கட்டிலும் வலிப்பட்டை கட்டிவிட்டார்கள். ஒருவர் வலியை மற்றவர் வாங்கிக்கொள்ளலாம்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பெனிட்டாவுக்கு மார்பு கனத்து வலிக்கும். பிள்ளையைக்கூட அணைத்துத் தூக்க முடியாது. "பாதியை எனக்குக் குடு" என்றான் கணவன் ஜெபசிங். அவளுக்குத் தெரியாமல் முழுவதையும் தன் பக்கம் திருப்பி, அப்படியே விட்டுவிட்டான்.

"பாதி போனதுக்கே இவ்வளவு லேசா இருக்கே!" என்று அவள் சிரித்தாள்.

இந்த வருஷம் மாதாமாதம் அவளுடைய மாதவிலக்கு முடிந்த பிறகும் அவனுக்கு இடது நெஞ்சில் வலி நிற்கவில்லை. அவளுடைய நாள்தான் முடிந்துவிட்டதே, இது என்னுடைய வாயு என்று நினைத்தான். பெனிட்டா தினமும் பூண்டு ரசம் வைத்தாள்.

போன வாரம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி அவள் கைக்குத் தட்டுப்பட்டது.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "ரொம்பப் பரவியிருக்கு. பீரியட்ஸ் முடிஞ்சும் வலி இருந்திருக்குமே, ஏம்மா முன்னாடியே வரல?"

"எனக்கு வலியே இல்ல டாக்டர். இவருக்குத்தான் மாசக்கணக்கா வாயுத்தொல்லை."

ஜெபசிங் குனிந்து தன் பட்டையைக் கழற்றினான். நெஞ்சுவலி சட்டென்று நின்றது.

பெனிட்டா இடது மார்பைப் பொத்திக்கொண்டு அப்படியே மடங்கினாள். மூச்சு திரும்பியதும் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையாங்க வாயுன்னு சொன்னீங்க?"