வயதைக் கேட்டால்

"வயசைக் கேட்டா மட்டும் தடுமாறாதம்மா. அங்கதான் மாட்டிக்குவ," என்றாள் கீர்த்தி.

பானு தலையை ஆட்டினாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மகர்பட்டாவில் ஒரு கொரியக்காரர் வீட்டில் அவளை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரருக்கு சாகண் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெரிய உத்தியோகம். ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்து தங்கியிருக்கிறார். பகலெல்லாம் அந்த அம்மாவுக்குத் துணையாக இருக்க ஒரு ஆள் வேண்டும். அங்கே கார் ஓட்டும் ஜம்புதான் பானுவுக்குத் தகவல் சொன்னான். சொன்னவன் சும்மா போகாமல் ஒரு குண்டையும் போட்டுவிட்டுப் போனான்.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரையும் வயசைக் கேட்டதும் திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. பாத்துக்குங்க."

அப்போதிருந்து பானுவுக்கு வேறு நினைப்பே இல்லை. அவளுக்கு அறுபது வயது. முன்பு வேலை பார்த்த வீட்டில் கேட் பாஸ் வாங்க ஆதார் கேட்டார்கள். அதைப் பார்த்த வீட்டம்மா, அறுபதா என்று வாயைப் பிளந்தார். எங்கேயாவது வழுக்கி விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று மறுநாளே நிறுத்திவிட்டார். தாபோடியில் அந்த ஒற்றை அறை வீடு பானுவின் உழைப்பில்தான் ஓடுகிறது. கணவன் கோவிந்தராஜ் பக்கவாதத்தில் படுத்துவிட்டான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த கீர்த்தி இப்போதுதான் காலேஜில் படிக்கிறாள். இந்த வேலையும் நழுவினால் அவள் படிப்பை நிறுத்த வேண்டியதுதான்.

ஆகவே ஐம்பது என்று சொல்லிவிடுவதாக வீட்டில் முடிவானது. தலைக்கு டை அடித்தாயிற்று. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிற ஊரில், ஒரு பொய் சொல்லி ஒரு வேலை வாங்கக் கூடாதா என்ன?

விடாமல் கொரிய சீரியல் பார்த்துத் தள்ளியதில் கீர்த்திக்கு அந்த மொழி ஓரளவு வரும். தமிழைவிட நன்றாகவே வருகிறது என்பான் கோவிந்தராஜ்.

"முதல்ல குனியணும். ரெண்டு கையும் முன்னாடி வச்சுக்கோ. பெரியவங்க கண்ணை முறைச்சுப் பாக்கக் கூடாது. ஆமான்னா 'நே'. கடைசில 'ம்னிதா' வந்தாத்தான் இஜ்ஜத்... அதான், மரியாதை. ஃபிர் சே... மறுபடி சொல்லு, உங்க வயசு என்ன?"

"ஷ்வின் சாரிம்னிதா," என்றாள் பானு. ஐம்பது வயதாகிறதுங்க என்று அர்த்தம்.

"ஆதார் கேட்டா என்னடி பண்றது?" என்று அவளே கேட்டாள்.

"வீட்ல மறந்து வச்சிட்டேன்னு சொல்லு. கையிலயே எடுத்துட்டுப் போகாத."

பாத்திரம் தேய்க்கும்போதும், கோவிந்தராஜுக்குக் கஞ்சி ஊட்டும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் பானு அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமி பேரைக்கூட அவள் இவ்வளவு சொன்னதில்லை.

மகர்பட்டா வீட்டில் ஏசி போட்டிருந்தும் அவளுக்கு முதுகு நனைந்தது. சோபாவில் நரைத்த தலையோடு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருமகள். பானு குனிந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டாள். பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். தமிழா என்றார்கள், "நே" என்றாள்.

அந்த அம்மா எழுந்து வந்து பானுவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது, தோல் சுருங்கியிருந்தது. தலைக்கு டை அடித்தோமே, கையை மறந்துவிட்டோமே என்று பானுவுக்கு உயிரே போயிற்று. அந்த அம்மா லேசாகச் சிரித்துக்கொண்டே வயதைக் கேட்டார்.

பானுவுக்குக் கீர்த்தியின் முகம் நினைவுக்கு வந்தது.

"ஷ்வின் சாரிம்னிதா."

அந்த அம்மாவின் சிரிப்பு மறைந்தது. நம்ப முடியாதவர்போல மறுபடியும் கேட்டார். பானு இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் மரியாதையாக, அதையே சொன்னாள். அவர் கையை விட்டுவிட்டு, மருமகளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். மருமகள் இரண்டு கைகளாலும் ஒரு பழச்சாறு டப்பாவைக் கொடுத்து, ஸாரி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கீழே காருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தபடி ஜம்பு நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும் பானுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கண்டுபிடிச்சிட்டாங்க ஜம்பு. அம்பதுன்னு சொன்னதை அவங்க நம்பல."

"நம்பினதுதான்க்கா வினை. இப்பத்தான் அந்த மருமகம்மா போன்ல திட்டினாங்க, திரும்பத் திரும்பச் சின்ன வயசு ஆளா அனுப்புறியேன்னு. அந்தப் பெரியம்மாவுக்கு அறுபது. அவங்க ஊர்ல ஒரே வயசா இருந்தாத்தான் சிநேகிதமாம், மனசு விட்டுப் பேசுவாங்களாம். பேச்சுத் துணைக்கு அறுபதுல ஒருத்தியத்தான் இத்தனை நாளாத் தேடுறாங்க."

பானு பழச்சாறு டப்பாவை அவன் கையில் திணித்துவிட்டு லிஃப்டுக்கு ஓடினாள். மேலே போய் மணியை அழுத்தினாள். அந்த அம்மாவே கதவைத் திறந்தார். பானு மூச்சு வாங்கக் குனிந்தாள், கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள், உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

அறுபதுக்குக் கொரிய மொழியில் என்னவென்று கீர்த்தி சொல்லித் தரவே இல்லை. வாயிலிருந்து மறுபடியும், ரொம்ப மரியாதையாக, "ஷ்வின் சாரிம்னிதா"தான் வந்தது.