கம்பி நடாத உப்பு

உலைத்தொட்டியில் உப்பு வெள்ளைப் பாறையாய் இறுகிக் கிடக்கிறது. உருகிய உப்பில் முக்கி இரும்பைப் பதப்படுத்தும் இந்தப் பட்டறையில், உலையை அணைத்ததும் உப்பு இளகியிருக்கும்போதே நடுவில் ஒரு கூம்புக் கம்பியை நட்டுவைப்பார்கள். மறுநாள் அதை உருவிவிட்டுத்தான் பற்றவைப்பது. அடியில் முதலில் உருகிப் பெருகும் உப்புக்கு அந்தத் துளைதான் மூக்கு; அது இல்லாவிட்டால் மேல்பாறையை வெடித்துக்கொண்டுதான் வரும். நேற்று அணைத்தவர் மாமா. இன்று பார்க்காமல் சுவிட்சைப் போட்டவன் அவருடைய மைத்துனன். கம்பி சுவரோரம் சாய்ந்து நிற்பது இப்போதுதான் அவன் கண்ணில் படுகிறது.

“அணைச்சுட்டேன் மாமா. ஆனா உள்ள ஏறின சூடு எங்க போகும்?”

இரும்புத் தடுப்புக்குப் பின்னால் இருவரும் குந்தியிருக்கிறார்கள். ‘டிக்’ என்கிறது தொட்டி. வெள்ளைப் பரப்பில் அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக ஒரு கோடு ஓடுகிறது. உப்புப் படிகம் உடைந்தாலும் ஒழுங்காகத்தான் உடையும். கோட்டின் வழியே ஒரு கீற்றுச் சிவப்புகூடத் தெரியவில்லை. அடி இன்னும் மூச்சுமுட்டித்தான் கிடக்கிறது.

“என் தப்பு மாப்ளே. போய் ஒரே குத்து, துளை போட்டுட்டு வந்துடறேன்.”

“பொத்துக்கிட்டு வந்தா மூஞ்சிலதான் அடிக்கும். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

மாமா எழுகிறார். அவன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிறான். ‘டப்’பென்று ஏதோ தெறிக்கிறது. இருவரும் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொள்கிறார்கள். சிமெண்டுத் தரையில் மாமாவின் சட்டைப் பொத்தான் உருண்டுபோய்த் தொட்டியின் காலில் முட்டி நிற்கிறது. உப்பு இன்னும் வாயைத் திறக்கவில்லை.