நாற்பத்தைந்து விநாடி

மூன்று மணிக்கு வாடிக்கையாளர் வந்துவிடுவார். அவர் கண்முன்னால் ஆப் முதல் தட்டிலேயே பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் கைநழுவிப் போகும்.

ஆப்பை எழுதியவன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

தட்டத் தட்ட ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஐம்பது விநாடி சும்மா விட்டுவிட்டுத் தட்டினால் மட்டும் முதல் கோரிக்கை தவறிவிடுகிறது.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுத் தட்டினா கோவிச்சுக்குதேப்பா உன் ஆப்," என்றார் மேனேஜர்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வரோடு புது இணைப்பு திறப்பது வீண் வேலை. அதனால் திறந்த இணைப்பை அறுபது விநாடி கையிலேயே வைத்திருந்து மறுபடி பயன்படுத்தும்படி எழுதியிருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தில்தான் திங்கட்கிழமை கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், சர்வர் பக்கம்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னான்.

சர்வரை எழுதியவள் அன்றைக்கு வாயை மூடியவள்தான். நாலு நாளாகிறது.

அவள் நாற்காலி அவன் முதுகுக்குப் பின்னால். கையை நீட்டினால் எட்டும். ஆனாலும் எல்லாம் மின்னஞ்சலில்தான்.

'மதிப்பிற்குரிய சர்வர் குழுவுக்கு' என்று ஆரம்பித்தான். அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான்.

பதில் உடனே வந்தது. 'ஆவணம், பக்கம் இரண்டு.'

திறந்து பார்த்தான். நாற்பத்தைந்து விநாடி பேச்சே இல்லாமல் போனால் சர்வர் இணைப்பை மூடிவிடும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆக, மூடிப்போன இணைப்பை இவன்தான் இன்னும் பதினைந்து விநாடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கீழே, படித்தேன் என்று அவனே போட்ட கையெழுத்து.

வெட்கமாகப் போய்விட்டது. அறுபதை நாற்பதாக்கினான். ஐம்பது விநாடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் தட்டினான். பதில் வந்தது.

மூன்று மணிக்கும் வந்தது.

வாடிக்கையாளரை அனுப்பிவைத்த கையோடு, எல்லோர் முன்னாலும், தப்பு என்னுடையது என்று சொன்னான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுக்கப் போனான். நாலு நாளாக பஸ்ஸில் போனவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"உங்கம்மா போன் பண்ணாங்க. நம்ம ரெண்டு பேர் குரலும் சரியில்லையே, வீட்ல என்னன்னு கேட்டாங்க. சர்வர் பக்கம்தான் கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கேன். வண்டிய எடு."