மிச்சமிருந்த கால்

“என் டிரைவரோட காலை இந்த வண்டியிலேர்ந்து சுத்தமா அழிச்சிடணும்ப்பா,” என்றார் மேலாளர்.

பட்டறைக்காரர் நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பழக்கத்தாலேயே ஊரார் அவரை டாக்டர் என்றார்கள். தலையை நிமிர்த்தாமல், வண்டிக்கு என்ன உபத்திரவம் என்று கேட்டார்.

கியர் தானாகவே மாறும் வண்டி, கம்பெனிக்குச் சொந்தமானது. கொஞ்ச நாளாக ஒவ்வொரு கியருக்கும், பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் குதிக்கிறது. ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் விதத்தை வண்டியின் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அதற்கேற்பவே நடந்துகொள்ளும் என்று மேலாளர் எங்கோ படித்திருந்தார். வார நாள்களில் ஓட்டுவது டிரைவர். ஆகவே குற்றவாளி யார் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

“லீவு நாள்ல யார் ஓட்டுறது சார்?”

“நான்தான். முப்பது வருஷமா ஓட்டுறேன்.”

டாக்டர் திருப்புளியை எடுத்துத் துடைத்து வைத்தார்.

மேலாளருக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. வண்டி யார் காலால் கெட்டது என்று எழுத்தில் வேண்டும். டிரைவர் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவர்; ஒருநாள் தாமதமாக வந்ததில்லை, வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பினால் இயக்குநர் காரணம் கேட்பார். காரணம் மட்டும் கிடைத்துவிட்டால், அந்த இருக்கையில் ஏறி உட்கார மேலாளரின் மைத்துனர் தயாராக இருந்தார். ஆறு மாதமாகவே தயாராக இருந்தார். வேறு வேலை எதுவும் இல்லாததால் தயாராக இருப்பதையே முழுநேரமாகச் செய்துவந்தார்.

“வண்டி யார் காலையும் பேர் போட்டு வெச்சுக்காது சார். அழிச்சா மொத்தமா போயிடும்,” என்றார் டாக்டர்.

“போகட்டும்ப்பா. அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

எழுத்து விஷயத்தில் டாக்டர் நழுவினார். வேலை முடிந்ததும் சாரே ஓட்டிப் பார்த்து, தம் கருத்தைத் தாமே எழுதிக் கையெழுத்திடலாம் என்றார். அது மேலாளருக்கு இன்னும் வசதியாகப் பட்டது. வண்டியை விட்டுவிட்டு, டிரைவரையும் இரண்டு நாள் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை வந்து, சிக்னல் வரை ஓட்டிச்சென்று திரும்பினார். தூங்கும் குழந்தையை மடியிலிருந்து தொட்டிலுக்கு மாற்றுவதுபோல் கியர் மாறியது. இறங்கும்போது அவருடைய உயரமே இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

“பாத்தியா? அழிச்சது அவனை. மிச்சம் இருக்கிறது நான்.”

“அதில்ல சார், அழிச்சதுக்கு அப்புறம்…”

மேலாளர் கையமர்த்தினார். முதலில் எழுதிவிட வேண்டும்; சூடு ஆறிவிட்டால் நடை வராது. டாக்டர் நீட்டிய டேப்லெட்டில் அவர் எழுதியதாவது:

‘இவ்வண்டியில் தற்போது பதிந்துள்ள கால்பழக்கம் மிகச் சிறப்பானது. நிதானமும் பொறுப்பும் நீண்ட அனுபவமும் ஒவ்வொரு கியரிலும் புலப்படுகின்றன. இந்தக் காலைத் தவிர வேறெவர் காலும் இவ்வண்டியில் படுவதை நிர்வாகம் அனுமதிக்கலாகாது. முன்பு வண்டியைக் கெடுத்தவர் எவரோ, அவரை ஓட்டும் பொறுப்பிலிருந்து உடனே விலக்கவும்.’

மூன்றாம் வாக்கியத்தை எழுதியபோது மைத்துனரின் முகம் ஒரு கணம் வந்துபோனது. ஆனால் வாக்கியம் அமைந்துவிட்ட அழகில், அதைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. டிரைவரின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டது தம் பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டார். விரலால் கையெழுத்திட்டார். ஒரு படி இயக்குநருக்கு நேராகப் போகட்டும் என்று உத்தரவிட்டு, பொத்தானையும் தாமே அழுத்தினார்.

“ம்… என்னவோ சொல்ல வந்தியே, இப்ப சொல்லு.”

“அழிச்சிட்டா வண்டிக்கு ஒண்ணுமே தெரியாது சார். முன்னைவிட மோசமாத்தான் குதிக்கும். யாராவது நூறு கிலோமீட்டராவது ஒரே சீரா மிதிச்சுப் பழக்கிக் குடுக்கணும். என் பட்டறையில அப்படி ஒரு கால் யாருக்கும் கிடையாது.”

“அப்புறம்?”

“உங்க டிரைவரைத்தான் கூப்பிட்டேன். ரெண்டு நாளும் அவர்தான் ஓட்டினார். எதுக்குன்னுகூடக் கேக்கலை. சாருக்கு இடுப்பு வலி, தூக்கிப் போடாம போகணும், சார் இடுப்பு தாங்காதுன்னு சொல்லிக்கிட்டே மிதிச்சார்.”

மேலாளர் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அனுப்பியதைத் திரும்ப வாங்கும் பொத்தான் அதில் எங்கும் இல்லை. டிரைவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். வெளியே வாசலில்தான் நிற்கிறார் என்றார் டாக்டர்.

மேலாளரின் குரல் வேறு சுருதியில் வந்தது.

“இனிமே நான் ஓட்டினா என்ன ஆகும்?”

“நாலே நாள்ல பழையபடி ஆயிடும்.”

“இது இப்படியே இருக்கணும்னா?”

“அதுக்கு ஒரே வழிதான் சார்,” என்ற டாக்டர், வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “நீங்க இங்க உக்காரணும்.”