ஏறச் சொன்னவர்

மாரப்பன் வாங்கிய பழைய கார் ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடுவது. மூன்றாம் நாளே பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதி, அவர் மனைவி ராசம்மாளின் கையை ஒடித்தது. அதை விற்ற கார் கடைக்காரன் நல்லசிவம் திருப்பி எடுக்க மறுத்ததால், மாரப்பன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். அங்கே காரே சாட்சி சொன்னது.

பூசை போட்ட அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அது, "தடை உள்ளது, ஏறலாமா?" என்று கேட்டிருக்கிறது. "அட, ஏறித் தொலை" என்று மாரப்பன் சொன்னதும் அதில் பதிவாகியிருந்தது. எச்சரிக்கையை மீறி ஓட்டச் சொன்னவருக்கே முழுப் பொறுப்பு என்று கேஸைத் தள்ளிவிட்டார்கள்.

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமுங்க பெரியவரே" என்று கோர்ட் வாசலிலேயே சிரித்தான் நல்லசிவம்.

மறுநாள் காலை மாரப்பன் காரைக் கட்டி இழுத்து வந்து அவன் கடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினார். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் குங்குமம் தடவிய பழத்தை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். விற்க வேண்டிய வண்டிகள் உள்ளே மாட்டிக்கொண்டன. கழித்துப் போட்ட பழமோ என்னவோ என்று கடை ஆட்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை.

"யோவ், பழத்த எடுய்யா" என்று நல்லசிவம் கத்தினான்.

"நான் எதுக்கு எடுக்கோணும்? அவசரம்னா நீயே ஏறச் சொல்லு. சொன்னவனுக்குத்தான் பொறுப்புன்னு கோர்ட்டே சொல்லிருச்சல்ல."

"தடை உள்ளது" என்றது கார், நல்லசிவத்தைப் பார்த்து. "ஏறலாமா?"

அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.