நீலக் கார் பிரேக் பிடிக்கிறது

டமார்!

நாற்காலி ஒரு குலுக்குக் குலுக்கி, சாம்பியனை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு நின்றது. எதிரே மூன்று கம்ப்யூட்டர் திரைகளிலும் புகை.

விற்பனை மேனேஜர் கைதட்டினார். காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்காகத்தான் தவம் கிடந்தார்.

“அப்பாடா! மோதிடுச்சு!”

திரையில் ஓடியது, ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நிஜமாகவே நடந்த பந்தயம். நான்காவது வளைவில், சாம்பியனின் சிவப்புக் காரும் ஒரு நீலக் காரும் மோதிக்கொண்டன. சிவப்பு மூன்று குட்டிக்கரணம் அடித்தது. சாம்பியனுக்குத் தோள்பட்டை போனது. நீலக் காரை ஓட்டியவருக்கு லைசென்ஸ் போனது, ஆயுளுக்கும்.

அந்த வளைவில் கேமரா கிடையாது. இரண்டு கார்களும் எரிந்து கரியாகிவிட்டதால் அளந்து பார்க்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. “அவன் பிரேக்கே பிடிக்கல” என்று சாம்பியன் விசாரணையில் சொன்னார். பிடித்தேன் என்று மற்றவர் சொன்னார். சாம்பியன் கட்டுப்போட்ட தோளோடு சொன்னார் என்பதால், அது எடுபட்டது.

பிறகு பேட்டிகளில் ஒரு நூறு தடவையாவது அதையே சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

இப்போது அந்தப் பந்தயத்தை அச்சு அசலாகக் கம்ப்யூட்டர் விளையாட்டாக விற்கப் போகிறார்கள். ‘அந்த மோதல், இனி உங்கள் கையில்!’ என்று பெட்டியில் அச்சடித்தாகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். இந்த டமாருக்கு முன்பு வரை மோதல் நடக்கவே இல்லை.

காலையிலிருந்து பதினோரு தடவை சாம்பியன் அந்த வளைவுக்குள் நுழைந்தார். கம்ப்யூட்டர் ஓட்டிய நீலக் கார் ஒவ்வொரு தடவையும் உள்பக்கமாக அவருக்குப் பக்கத்தில் வந்தது. சரியான இடத்தில் பிரேக் பிடித்தது. சமர்த்தாக இடப்பக்கம் திரும்பி, அவரை முந்திக்கொண்டு போய்விட்டது.

“நிஜத்துல இப்படி எவனும் ஓட்ட மாட்டாம்மா. உன் கம்ப்யூட்டருக்கு ரேஸே தெரியல” என்றார் சாம்பியன், ஐந்தாவது தடவையில்.

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது என்றாள் புரோகிராமர் பெண். தெரிந்ததெல்லாம் கற்றுக்கொடுத்தவர்களின் கைப்பழக்கம்தான். எதிராளிகளின் பத்தொன்பது கார்களுக்கும் பத்தொன்பது பேர், ஆளுக்கு ஐந்நூறு சுற்று ஓட்டிக் காட்டியிருந்தார்கள். பதினெட்டுப் பேர் ஆபீசுக்கு வந்து ஓட்டினார்கள். ஒருவர் மட்டும் வர மாட்டேன் என்று வீட்டிலிருந்தே ஓட்டினார்.

“அப்ப ரோட்டுல வழுக்கலைக் கூட்டும்மா” என்றார் மேனேஜர்.

கூட்டினாள். ரோடு எல்லாருக்கும் ஒரே ரோடுதான். பத்தொன்பது கார்களும் வேகத்தைக் குறைத்தன. நீலம் எல்லாருக்கும் முன்னால் குறைத்தது.

டயரின் சூட்டை ஏற்றினாள். நீலம் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடித்தது.

“நீலத்துக்கு மட்டும் பிரேக்கைப் புடுங்கிடேன். அன்னைக்கு அவர் பிடிக்கலைன்னு சார்தான் சொல்றாரே.”

ஒன்பதாவது தடவை பிடுங்கியும் பார்த்தார்கள். சிவப்பு வளைவுக்காக வேகத்தைக் குறைத்த நேரத்தில், பிரேக் இல்லாத நீலம் அதைத் தாண்டி நேராகப் போய் மண்ணில் சொருகிக்கொண்டது. சிவப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சாம்பியன் தண்ணீர் குடித்தார். அவள் நீலத்துக்குப் பிரேக்கைத் திருப்பிக் கொடுத்து, எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள்.

பத்தாவது தடவையும் முந்தியது. பதினோராவது தடவையும் முந்தியது.

பன்னிரண்டாவது தடவை நீலம் உள்பக்கமாக மூக்கை நீட்டியபோது, சாம்பியனின் தாடை இறுகியது. போயும் போயும் ஒரு கம்ப்யூட்டர். அவர் எதையும் யோசிக்கவில்லை. கைகள் தாமாகவே, வளைவு வருவதற்கு முன்பே, ஸ்டியரிங்கை இடப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டின.

அந்த டமார் அப்போதுதான் கேட்டது.

சிவப்பு மூன்று குட்டிக்கரணம் அடித்தது. எண்ணி மூன்று.

“இதுதான் சார்! அன்னைக்கு நடந்தது அப்படியே இருக்கு!” மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

மூலையில் இருந்த பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. ஓட்டம் சரியாக வந்தால், யார் எப்போது எதை அழுத்தினார்கள், எப்போது திருப்பினார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் தாள் அது. அதில் சாம்பியன் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தோடு அதன் நகல் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போகும். அது மேனேஜரின் யோசனை.

சாம்பியன் தாளைப் படித்தார்.

நீலக் கார்: பிரேக், முழு அழுத்தம், மோதும் வரை.

சிவப்புக் கார்: ஸ்டியரிங் இடப்பக்கம், வளைவுக்கு முப்பது மீட்டர் முன்பே.

அடியில், தடித்த எழுத்தில்: ‘நிஜத்தில் நடந்தது இதுவே.’

அவர் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

“ஏம்மா...” சாம்பியனின் குரல் எங்கிருந்தோ வந்தது. “இந்த நீலக் காருக்கு ஓட்டிக் காட்டினது யாரு?”

அவள் தாளின் மடங்கியிருந்த நுனியை விரலால் நீவிவிட்டாள்.

“எங்கப்பா சார். லைசென்ஸ் இல்லாதவர் வீட்லதானே ஓட்ட முடியும்? கையெழுத்து கீழ ஓரத்துல சார்.”