டாக்டரம்மாவின் தாராளம்

ஹாலில் சோபா இல்லை. சுழல் நாற்காலி இல்லை. படுக்கையறைக் கதவு திறந்துதான் கிடந்தது; உடற்பயிற்சி சைக்கிளும் அங்கே இல்லை என்பதை டாக்டரம்மா நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

எல்லாம் அவர் கொடுத்தவை. தன் பல் கிளினிக்கில் ஒன்பது வருஷமாக உதவிக்கு இருக்கும் இந்த வீட்டுப் பெண்ணுக்கு வாரி வாரிக் கொடுத்தவை. வீட்டில் எது பழுதானாலும் சரி, எது அலுத்துப்போனாலும் சரி, வெள்ளிக்கிழமை அது காரின் பின்பக்கம் ஏறி கிளினிக்குக்கு வந்து இறங்கிவிடும். மூடி தொலைந்த மிக்ஸி, சூடே ஆகாத இஸ்திரிப் பெட்டி, வாயைப் பிளந்த சூட்கேஸ் என்று எதையும் அவர் குப்பையில் போட்டதே இல்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி நோயாளி வாய் கொப்பளித்துவிட்டு எழுந்ததும் உதவிப்பெண் தானாகவே வந்து நிற்பாள். இன்றைக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்பாள். அதைக் கேட்டதுமே டாக்டரம்மாவுக்கு மனசு நிறைந்துவிடும். பாவம், வாரம் முழுக்க இதற்காகத்தானே காத்துக் கிடக்கிறாள்.

அவள் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. கூச்சம் என்று டாக்டரம்மா மன்னித்துவிட்டார்.

இப்போது அவர் வந்தது ஒரு படத்துக்காக. அடுத்த வாரம் மகளிர் மன்றத்தில் 'வேண்டாத பொருள் வேண்டியவர் கையில்' என்று பேசப் போகிறார். பேச்சு தயார். தன் சோபாவில் இந்தக் குடும்பம் உட்கார்ந்து சிரிப்பதுபோல் திரையில் ஒரு படமும் வந்துவிட்டால் கைதட்டல் அடங்கவே நேரமாகும் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு மாடி ஏறி வந்திருந்தார்.

கதவைத் திறந்தது உதவிப்பெண்ணின் கணவர். பஸ் டிரைவர். டாக்டரம்மாவைப் பார்த்ததும் அவர் விசாரித்தது, காரில் ஏதாவது இருக்கிறதா என்றுதான். பதில் வருவதற்குள் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பையும் மாட்டிவிட்டார். இன்றைக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை என்று சொல்ல டாக்டரம்மாவுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

உள்ளே இரண்டே அறைகள். ஆனால் ஒவ்வொரு நாற்காலிக்கும் நான்கு கால்கள் இருந்தன. உதவிப்பெண் தண்ணீர் கொண்டுவந்த கண்ணாடி டம்ளரில் ஒரு கீறல் இல்லை. சுவர்க்கடிகாரம் சரியான நேரம் காட்டியது. அப்படியென்றால் அது நிச்சயமாக டாக்டரம்மா கொடுத்த கடிகாரம் இல்லை.

அவருக்குச் சுருக்கென்றது. விற்றுத் தின்றிருக்கிறார்கள். நம் பொருளைக் காசாக்கித்தான் இந்த நாற்காலியும் டம்ளரும். பேச்சு போச்சு, படம் போச்சு, ஒன்பது வருஷப் புண்ணியமும் போச்சு. டம்ளரைத் தொடாமலே கேட்டார்.

"நான் குடுத்ததெல்லாம் எங்கம்மா? வித்துட்டியா?"

உதவிப்பெண் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அதையெல்லாம் யாரு மேடம் வாங்குவா?" என்றாள்.

பிறகு, ஏதோ புகார் வந்துதான் மேடம் நேரிலேயே விசாரிக்க வந்திருக்கிறார் என்று பயந்தவள்போல் கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தாள். எல்லாம் நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குத்தான் போயிருக்கிறது. இரும்பைத் தனியாக, கண்ணாடியைத் தனியாக, துணியைத் தனியாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளும் எதையும் தெருவோரம் தள்ளிவிட்டு வந்ததில்லை. மழை பெய்த வெள்ளிக்கிழமைகளில்கூட மறுநாளைக்கு என்று வைத்ததில்லை. சைக்கிளைத் தூக்கிப்போன அன்று அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் பஸ் ஓட்ட முடியவில்லை. அதைக்கூட அவள் கிளினிக்கில் வாய் திறந்து சொன்னதில்லை.

டாக்டரம்மாவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. வேண்டாம் என்றால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், ஆசை ஆசையாகக் கொடுத்ததைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட எப்படி மனசு வந்தது என்று பொரிந்து தள்ளினார். இத்தனை வருஷமாகத் தான் கொடுத்ததெல்லாம் அன்பளிப்பு என்பதுகூடவா தெரியாது என்று முடித்தார்.

உதவிப்பெண் நிஜமாகவே திகைத்துப் போனாள்.

"அன்பளிப்பா மேடம்? நான் சேர்ந்த அன்னைக்கு, கருவியெல்லாம் கழுவணும், தரை துடைக்கணும், வெள்ளிக்கிழமை இதெல்லாம் எடுத்துட்டுப் போயிடணும்னு நீங்கதானே சொன்னீங்க."

டாக்டரம்மா இதுவரை தொடாத டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"அதுவும் சம்பளத்துல சேர்ந்த வேலைன்னுல்ல நினைச்சேன்."